தபால் பையில் கட்சிக் கணக்கு: அமெரிக்க அஞ்சல் துறையில் பதவிப் பங்கீடும் சீர்திருத்தமும்

1831-இல் அமெரிக்கக் கூட்டரசின் சிவில் ஊழியர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் போஸ்ட்மாஸ்டர்கள். எண்ணிக்கையில் 8,700-க்கும் மேல். ராணுவத்தில் இருந்தவர்களே அதைவிடக் குறைவு. சுங்கச் சாவடிகள், நிலவிற்பனை அலுவலகங்கள், வாஷிங்டனில் சில நூறு எழுத்தர் வேலைகள் ஆகியவற்றை விட்டால், தேர்தலில் வென்ற கட்சி தன் ஆட்களுக்குக் கொடுப்பதற்கு வேறு எதுவும் கையில் இல்லை. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவியிருந்த ஒரே அரசுத் துறை தபால்தான். கட்சிக்காரர்களின் கண் அதன்மேல் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் யாரை நீக்கினார்கள், யாரை நியமித்தார்கள் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். பணம் எந்த வழியாக வந்தது, எந்த வழியாகப் போனது, யார் சரிபார்த்தார்கள் என்று பார்த்தால் கதை வேறு மாதிரித் தெரியும். ஊழலுக்கு இடம் கொடுத்தது கணக்கு முறை. அதைப் பெருமளவு அடைத்ததும் கணக்கு முறையில் வந்த மாற்றம்தான். நல்லவர்களைப் பதவியில் வைத்தது அதற்கு அடுத்தபடிதான்.

ஒரு போஸ்ட்மாஸ்டர் வேலைக்கு என்ன மதிப்பு?

அன்றைய சிற்றூர் போஸ்ட்மாஸ்டருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வசூலாகும் தபால் கட்டணத்தில் கமிஷன் மட்டும். காலாண்டுக்கு முதல் 100 டாலர் வசூலில் 30 விழுக்காடு, அதற்கு மேல் போகப் போக 25, 20 என்று இறங்கி, 2,400 டாலரைத் தாண்டிய தொகைக்கு 8 விழுக்காடு. காலாண்டுக்கு 40 டாலர் வசூலாகும் ஊரில் கைக்கு வருவது 12 டாலர். ஆண்டு முழுவதற்கும் ஐம்பதை எட்டாது. இல்லினாயின் நியூ சேலம் என்ற குக்கிராமத்தில் 1833 முதல் 1836 வரை போஸ்ட்மாஸ்டராக இருந்த இளைஞர் ஆபிரகாம் லிங்கனுக்கு 1835-ஆம் ஆண்டுக் கணக்கில் கிடைத்தது 55 டாலர் 70 சென்ட். அவர் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் எதிர்க்கட்சி ஆள். அந்தப் பதவி மிகவும் அற்பமானதால் தன் அரசியலை யாரும் பொருட்படுத்தவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார்.

அப்படியானால் இந்த அற்பப் பதவிக்கு ஏன் அடிதடி? கமிஷனுக்கு வெளியேதான் ஆதாயம் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் தன் கடிதங்களை இலவசமாக அனுப்பலாம், பெறலாம். உறைமேல் கையெழுத்துப் போட்டால் போதும். ஊர்க்காவல் படைப் பயிற்சியிலிருந்து விலக்கும் உண்டு. தபால் பெரும்பாலும் அவருடைய கடையிலோ விடுதியிலோதான் பிரிக்கப்படும். கடிதம் வந்ததா என்று கேட்க வருபவர் உப்பும் புகையிலையும் வாங்கிப் போவார். எல்லோரையும்விட அதிக லாபம் பத்திரிகை நடத்துபவருக்கு. 1792 தபால் சட்டப்படி செய்தித்தாளுக்கு 100 மைல் வரை ஒரு சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட்தான் கட்டணம். பத்திரிகையாசிரியர்கள் தங்களுக்குள் இதழ்களைக் காசில்லாமல் பரிமாறிக்கொள்ளலாம். ஆசிரியரே போஸ்ட்மாஸ்டரும் ஆனால், வெளியூர்ச் செய்தி முதலில் அவர் கைக்கு வரும். போட்டிப் பத்திரிகையின் கட்டு மூலையில் கிடந்து இரண்டு நாள் கழித்துப் போனாலும் கேட்க ஆளில்லை.

இதை ஜாக்சன் காலம் கண்டுபிடிக்கவில்லை. பிலடெல்பியாவில் போஸ்ட்மாஸ்டராக இருந்த அச்சகக்காரர் ஆண்ட்ரூ பிராட்ஃபோர்ட், போட்டியாளரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பத்திரிகையைத் தபால்காரர்கள் சுமக்கக் கூடாது என்று தடுத்தார். ஃபிராங்க்ளின் அவர்களுக்கு ரகசியமாகக் காசு கொடுத்து அனுப்பினார். 1737-இல் அதே பதவி அவருக்கே வந்தபோது பத்திரிகையின் விற்பனை எப்படி ஏறியது என்பதை அவர் மறைக்கவில்லை. பின்பு காலனிகள் முழுவதற்குமான தபால் பொறுப்பு கிடைத்ததும் மகன், அண்ணன்கள் என்று உறவினர்களை வெவ்வேறு பதவிகளில் அமர்த்தினார். 1775-இல் புரட்சி அரசின் முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக, அதாவது தபால் துறைத் தலைவராக, ஆன அவருக்குப் பின் 1776-இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் மருமகன் ரிச்சர்ட் பேச்.

அரசியலமைப்புப்படி புதிய அரசு தொடங்கிய ஆண்டிலேயே முதல் சர்ச்சையும் வந்தது. பால்டிமோரில் 14 ஆண்டுகள் தபால் அலுவலகத்தை நடத்தியவர் மேரி கேத்ரின் காடார்ட். சுதந்திரப் பிரகடனத்தைக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு முதலில் அச்சிட்டவர் அவர்தான். 1789-இல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் சாமுவேல் ஆஸ்குட் அவரை நீக்கி ஜான் ஒயிட் என்பவரை நியமித்தார். வேலை விரிவடைகிறது, பயணம் செய்ய வேண்டியிருக்கும், ஒரு பெண்ணால் முடியாது என்று காரணம் சொல்லப்பட்டது. நகரத்தின் 200-க்கும் மேற்பட்ட முக்கியஸ்தர்கள் அவருக்காக மனு போட்டார்கள். காடார்ட் நேராகக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கே எழுதினார். இதில் தலையிட மாட்டேன் என்று பதில் வந்தது.

அந்தப் பதிலுக்குச் சட்ட அடிப்படை இருந்தது. நாட்டின் எல்லாப் போஸ்ட்மாஸ்டர்களையும் நியமிக்கவும் நீக்கவும் சட்டம் அதிகாரம் கொடுத்தது ஒரே ஒருவருக்கு, போஸ்ட்மாஸ்டர் ஜெனரலுக்கு. செனட்டின் ஒப்புதல் வேண்டாம், பதவிக்காலம் கிடையாது, விசாரணை கிடையாது. குடியரசுத் தலைவரால் செய்ய முடிந்தது போஸ்ட்மாஸ்டர் ஜெனரலையே வெளியேற்றுவதுதான். 1814-இல் அதுவும் நடந்தது. போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் கிடியன் கிரேஞ்சர், குடியரசுத் தலைவர் மாடிசனுக்குப் பிடிக்காத செனட்டர் மைக்கேல் லீபைப் பிலடெல்பியா போஸ்ட்மாஸ்டராக்கினார். மாடிசன் கிரேஞ்சரை வீட்டுக்கு அனுப்பினார்.

1822-இல் இன்னொரு உரசல். அடுத்து வந்த ரிட்டர்ன் மீக்ஸ், நியூயார்க்கின் ஆல்பனிக்கு சாலமன் வான் ரென்சலியரை நியமித்தார். போரில் காயம்பட்ட முன்னாள் படைத்தலைவர், ஆனால் தேய்ந்துகொண்டிருந்த ஃபெடரலிஸ்ட் கட்சிக்காரர். மாநிலத்தின் புதிய அரசியல் மேஸ்திரியான செனட்டர் மார்ட்டின் வான் பியூரன் கொதித்தார். ஆல்பனி மாநிலத் தலைநகரம், கட்சிக் கடிதங்கள் முழுவதும் அந்த அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். குடியரசுத் தலைவர் மன்ரோவோ இது போஸ்ட்மாஸ்டர் ஜெனரலின் அதிகாரம் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். வான் ரென்சலியரைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

மெக்லீனிலிருந்து பேரி வரை

1823 முதல் 1829 வரை துறையை நடத்திய ஜான் மெக்லீன் திறமைசாலி. காரணமில்லாமல் யாரையும் நீக்குவதில்லை, புகார் வந்தால் இரு தரப்பையும் கேட்பது என்று வைத்திருந்தார். அதே சமயம் தன்னைப் பதவியில் வைத்திருந்த குடியரசுத் தலைவர் ஜான் குவின்ஸி ஆடம்ஸுக்கு எதிராக ஜாக்சன் பக்கம் சாய்ந்தும் இருந்தார். ஆடம்ஸுக்கு அது தெரியாமலில்லை. வேலையில் குறை சொல்ல முடியாததால் நீக்கவில்லை.

1829-இல் ஜாக்சன் வந்தார். பெருமளவு நீக்கத்துக்கு மெக்லீன் உடன்படவில்லை. அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக உயர்த்தி வழியிலிருந்து விலக்கினார்கள். அந்த இடத்துக்குக் கெண்டக்கியின் வில்லியம் பேரி வந்தார். அமைச்சரவையில் உட்கார்ந்த முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் இவர். அரசு வேலைகள் எளிமையானவை, அறிவுள்ள யாரும் செய்யலாம், ஒரே ஆள் நெடுங்காலம் இருப்பதால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்று அந்த டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் ஜாக்சன் வாதிட்டார். சுழற்சி முறை என்று அதற்குப் பெயர். 1832-இல் நியூயார்க் செனட்டர் வில்லியம் மார்சி பூச்சில்லாமல் சொன்னார்: எதிரியின் சொத்து வென்றவனுக்கே.

முதல் ஓராண்டில் நீக்கப்பட்ட போஸ்ட்மாஸ்டர்கள் 400-க்கும் மேல். எட்டாயிரத்துச் சொச்சத்தில் இது இருபதில் ஒரு பங்குதானே என்று ஜாக்சனின் ஆதரவாளர்கள் இன்றும் சொல்வார்கள். விழுக்காடு ஏமாற்றும். எட்டாயிரத்தில் பெரும்பகுதி லிங்கனுடையதைப் போன்ற ஐம்பது டாலர் அலுவலகங்கள், யாருக்கும் வேண்டாதவை. வெட்டு விழுந்தது வருமானமும் செல்வாக்கும் உள்ள ஊர்களில், அதுவும் நியூ இங்கிலாந்திலும் நியூயார்க் பக்கத்திலும். அங்கே ஜாக்சனுக்கு ஓட்டு குறைவு, கட்சியைக் கட்ட வேண்டியிருந்தது, கட்டித் தருவதாகச் சொன்ன பத்திரிகையாசிரியர்கள் கூலி கேட்டார்கள். ஏற்கெனவே ஜாக்சன் பக்கம் இருந்த தென் மாநிலங்களைப் பெரும்பாலும் தொடவில்லை.

எல்லா நீக்கமும் நடந்துவிடவும் இல்லை. வான் ரென்சலியரை எடுக்கச் சொல்லி வான் பியூரன் தரப்பு நெருக்கியபோது, அவர் வெள்ளை மாளிகைக்கே போய் மேலங்கியைத் திறந்து போர்த் தழும்புகளைக் காட்டினார், ஜாக்சன் உருகிப் போனார் என்று ஒரு கதை உண்டு. தழும்பைக் காட்டினாரோ இல்லையோ, ஜாக்சன் இருந்தவரை ஆல்பனியில் அவரே போஸ்ட்மாஸ்டர்.

ஒப்பந்தத்தில்தான் பெரும்பணம்

ஐம்பது டாலர் பதவிகளைப் பற்றிய கூச்சலில் அடிபட்டுப்போகும் விஷயம் இது. துறையின் செலவில் பெரும்பங்கு, தபாலைச் சுமந்து செல்லும் கோச் வண்டி முதலாளிகளுக்குத்தான் போனது. நாடு சில பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்துப் பிரிவு பிரிவாக நான்காண்டு ஒப்பந்தம் விடப்படும். வழித்தடம், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்று பத்திரிகைகளில் விளம்பரம் வரும். எந்தப் பத்திரிகைக்கு அந்த விளம்பரம் என்பதே ஒரு சலுகை.

பேரி காலத்தில் புழங்கிய தந்திரம் இப்படி. ஒரு தடத்தில் வாரம் மூன்று முறை, இரண்டு குதிரை வண்டி என்று விளம்பரம். வேண்டிய முதலாளி அடிமட்ட விலை போடுவார். கூடவே தினசரி, நான்கு குதிரை வண்டி என்றால் இவ்வளவு என்று மேம்பாட்டு விலை ஒன்றையும் சேர்த்து எழுதுவார். குறைந்த விலை என்று அவருக்கு ஒப்பந்தம் கிடைக்கும். மை காய்வதற்குள் சேவையை மேம்படுத்த உத்தரவு வரும். மேம்பாட்டு விலைக்குப் போட்டியே நடக்கவில்லை, அதனால் அவர் எழுதியதுதான் தொகை. விளம்பரப்படி நியாயமாகக் கணக்குப் போட்டவர் முதல் சுற்றிலேயே வெளியே போயிருப்பார். இது போதாதென்று வேகத்தைக் கூட்டினேன், சாலை கெட்டுவிட்டது என்றெல்லாம் காரணம் காட்டிக் கூடுதல் படி கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் துறையின் விருப்பம்.

இதை யார் பிடித்திருக்க முடியும்? துறையின் வருமானம் கருவூலத்துக்குப் போகவில்லை. துறையே வசூலித்தது, துறையே செலவழித்தது, மிஞ்சினால் கருவூலத்துக்குக் கொடுத்தது. காங்கிரஸ் தபால் சாலைகளை அறிவிக்கும், கட்டண விகிதத்தை வைக்கும். செலவுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு செய்யும் வேலை அதற்குக் கிடையாது. துணியைத் தைப்பவரும் அளப்பவரும் ஒருவரே.

கூடுதல் படிகள் ஏற ஏறப் பணம் தட்டியது. பேரி காங்கிரசைக் கேட்காமல் வங்கிகளில் கடன் வாங்கினார். 1834-இல் செனட் விசாரணையில் இது வெளிவந்தபோது, அந்தக் கடன் சட்டவிரோதம் என்ற தீர்மானத்துக்கு ஜாக்சனின் ஆட்களாலும் எதிர்த்து வாக்களிக்க முடியவில்லை. துறையின் மூத்த எழுத்தரும் பாப்டிஸ்ட் போதகருமான ஒபதையா பிரவுனுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் அம்பலமாகி அவர் விலகினார். பேரியை 1835-இல் ஸ்பெயினுக்குத் தூதராக்கினார்கள். போகும் வழியில் லிவர்பூலில் இறந்துபோனார்.

அடுத்து வந்தவரைப் பார்த்து எதிர்க்கட்சி தலையில் அடித்துக்கொண்டது. ஆமோஸ் கெண்டல் கெண்டக்கியில் கட்சிப் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், ஜாக்சனின் சமையலறை அமைச்சரவை என்று கேலி செய்யப்பட்ட அந்தரங்க வட்டத்தில் ஒருவர். பதவிப் பங்கீட்டின் தலைமகன் என்றே சொல்லலாம். ஆனால் துறையின் கணக்கை ஒழுங்குபடுத்தியது இவர்தான்.

அவர் செய்ததில் முதலாவது, பழைய கடனைத் தனியே ஒதுக்கிவைத்தது. நடப்பு வருமானத்திலிருந்து நடப்பு ஒப்பந்தங்களுக்கு மட்டும் பணம். வங்கிக் கடன் தீராமல் புதிய மேம்பாடு எதுவும் இல்லை. அடுத்தது வசூல் முறை. ஆயிரக்கணக்கான சிற்றூர் போஸ்ட்மாஸ்டர்கள் பத்து, இருபது டாலரை வாஷிங்டனுக்கு அனுப்புவதில்தான் பணம் காணாமல் போனது, தாமதமானது. அந்தந்தத் தடத்தின் ஒப்பந்ததாரரே காலாண்டு முடிந்ததும் துறையின் ஆணையோடு ஒவ்வொரு அலுவலகமாகப் போய் நிலுவையை வாங்கி ரசீது கொடுத்து, அதைத் தன் கூலியில் கழித்துக்கொள்ளும்படி செய்தார். போஸ்ட்மாஸ்டர் கட்டவில்லை என்றால் முதலில் கத்துபவர் ஒப்பந்ததாரர். இதைவிடச் சிக்கனமான தணிக்கை கிடைக்காது. எழுத்தர்கள் ஒப்பந்ததாரர்களிடம் பரிசோ வண்டியில் இலவசப் பயணமோ பெறக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

1836 ஜூலை 2-இல் வந்த மறுசீரமைப்புச் சட்டம் இதற்கு எலும்பு கொடுத்தது. தபால் வருமானம் முழுவதும் கருவூலத்துக்கு, செலவு காங்கிரசின் ஒதுக்கீட்டிலிருந்து. கணக்கைச் சரிபார்க்கக் கருவூலத்தின் கீழ் தனித் தணிக்கையாளர். டெண்டர் திறப்பதற்கும் பதிவதற்கும் விதிகள். இன்னொரு பிரிவை அப்போது பலர் சீர்திருத்தம் என்றே நினைத்தார்கள்: ஆண்டுக்கு 1,000 டாலரும் அதற்கு மேலும் கமிஷன் வரும் அலுவலகங்களுக்குக் குடியரசுத் தலைவர் செனட்டின் ஒப்புதலோடு நான்காண்டுக்கு நியமிப்பார். ஒருவர் கையிலிருந்த அதிகாரம் குறைந்தது உண்மை. பதிலாக, பெரிய அலுவலகங்கள் செனட்டர்களின் சொத்தாயின. தேர்தலுக்குத் தேர்தல் பதவி காலியாவது சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

பேரி ஒப்புக்கொண்ட கூடுதல் படிகளைக் கெண்டல் மறுத்தது நீதிமன்றம் போனது. ஸ்டாக்டன் அண்ட் ஸ்டோக்ஸ் என்ற வண்டி நிறுவனத்துக்குச் சேர வேண்டியதைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் காங்கிரஸ் கருவூலச் சட்ட அதிகாரியிடம் விட்டது. அவர் சொன்ன தொகை ஒரு லட்சத்து அறுபதாயிரம் டாலருக்கும் மேல். கெண்டல் ஒரு பகுதியை வரவு வைத்து, ஏறக்குறைய 39,000 டாலரை நிறுத்திவைத்தார். 1838-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கொடுக்கும்படி ஆணையிட்டது. சட்டம் கட்டாயமாக்கிய ஒரு செயலை, குடியரசுத் தலைவரின் ஆள் என்பதால் ஓர் அமைச்சர் மறுக்க முடியாது என்பதற்கு அமெரிக்கச் சட்டப் படிப்பில் இன்றும் இந்த வழக்கைத்தான் காட்டுகிறார்கள். கருவூலத்தைக் காக்கப் போனவர் தோற்ற வழக்கு என்பது பாடத்தில் அவ்வளவாக வராது.

கெண்டலின் பெயரில் ஒரு கறையும் உண்டு. 1835 ஜூலையில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு கும்பல் தபால் அலுவலகத்தை உடைத்து, அடிமை ஒழிப்புப் பிரசுரங்களை எடுத்துக் கொளுத்தியது. போஸ்ட்மாஸ்டர் ஆல்ஃபிரட் ஹியூகர் என்ன செய்வதென்று கேட்டபோது, சட்டத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறோம், நாம் வாழும் சமூகத்துக்கு அதைவிடப் பெரிய கடமை இருக்கிறது என்று கெண்டல் எழுதினார். தென் மாநிலப் போஸ்ட்மாஸ்டர்கள் அப்பிரசுரங்களைப் பட்டுவாடா செய்வதை நிறுத்தினார்கள். உள்ளூர்ச் செல்வாக்கில் பதவி வாங்கியவர் உள்ளூர் விருப்பத்துக்கு எதிராகத் தபாலைக் கொடுக்க மாட்டார். தபாலை முடக்கும் போஸ்ட்மாஸ்டருக்குத் தண்டனை உண்டு என்று 1836 சட்டத்தில் எழுதியும், தெற்கில் அது ஏட்டளவில் நின்றது.

1840-இல் கெண்டல் பதவியை விட்டுக் கட்சியின் தேர்தல் பத்திரிகை வேலைக்குத் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டே, குடியரசுத் தலைவராகியிருந்த வான் பியூரன் ஆல்பனியில் வான் ரென்சலியரை ஒருவழியாக நீக்கியிருந்தார். 1841-இல் ஜாக்சன் தரப்பின் எதிர்க்கட்சியான விக் கட்சி வந்ததும் கிழவர் மறுபடி நியமனம். 1843-இல் மறுபடி வெளியே. 1845, 1849, 1853, 1861 என்று ஒவ்வொரு மாற்றத்திலும் இதே ஆட்டம்தான். பங்கீட்டைத் திட்டிக்கொண்டு வந்த விக் கட்சியினர் வந்த பிறகு இன்னும் வேகமாக வெட்டினார்கள்.

அஞ்சல் தலை ஒட்டியதும் மாறியவை

போஸ்ட்மாஸ்டரின் கையிலிருந்து பணத்தைப் பிடுங்கியது தபால் கட்டணச் சீர்திருத்தம். முன்பு கடிதத்துக்குக் கட்டணம் தாள் எண்ணிக்கைப்படியும் தூரப்படியும். ஒரே தாள் 400 மைலுக்கு மேல் போனால் 25 சென்ட், இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. பெரும்பாலும் கட்டுபவர் கடிதம் பெறுபவர். ஒவ்வொரு கட்டோடும் எத்தனை கடிதம், எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்று ஒரு தபால் பில் போகும். அனுப்பியவர் பிரதியையும் பெற்றவர் பிரதியையும் வாஷிங்டனில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அது ஆயிரக்கணக்கான அலுவலகங்களின் பல லட்சம் வரிகள், எனவே நடைமுறையில் ஒப்பிட்டது கொஞ்சம். கடனுக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன், ஆள் ஊரை விட்டுப் போய்விட்டான் என்று போஸ்ட்மாஸ்டர் சொன்னால் மறுக்க வழியில்லை. வாங்க ஆளில்லாத கடிதங்களின் பட்டியலைப் பத்திரிகையில் போட வேண்டும், அந்த விளம்பரமும் கட்சிப் பத்திரிகைக்கே போகும்.

1845 சட்டம் தாள் கணக்கை ஒழித்தது. அரை அவுன்சுக்கு 300 மைல் வரை 5 சென்ட், மேலே 10 சென்ட். தனியார் கூரியர்கள் மலிவாகக் கடிதம் கொண்டுபோகத் தொடங்கியிருந்ததால் காங்கிரசுக்கு வேறு வழியில்லை. ஒப்பந்தத்தில் கோச் வண்டிக்கு இருந்த முன்னுரிமையும் போனது. வேகம், உறுதி, பாதுகாப்பு இந்த மூன்றும் இருந்தால் போதும், குதிரை முதுகோ படகோ எதுவானாலும் குறைந்த டெண்டருக்கே தடம். எழுத்தர்கள் இந்த மூன்று சொற்களுக்குப் பதிலாகப் பதிவேட்டில் மூன்று நட்சத்திரம் போட்டதால் அவை நட்சத்திரத் தடங்கள் ஆயின. 1847 ஜூலையில் தேசிய அஞ்சல் தலைகள் வந்தன: ஃபிராங்க்ளின் 5 சென்ட், வாஷிங்டன் 10 சென்ட். 1851-இல் முன்பணம் கட்டிய கடிதம் 3,000 மைல் வரை 3 சென்ட். 1855 சட்டம் முன்கட்டணத்தையே கட்டாயமாக்கியது. இனி போஸ்ட்மாஸ்டர் எத்தனை தலை வாங்கினார், எத்தனை கையிருப்பு என்பது கழித்தல் கணக்கு.

மிச்சமிருந்த ஓட்டை பெருநகரங்களில். நியூயார்க் போஸ்ட்மாஸ்டரும் அந்நகர ஜனநாயகக் கட்சி அமைப்பான டாமனி ஹாலின் பெரும்புள்ளியுமான ஐசக் ஃபவுலரின் கணக்கில் 1860-இல் சுமார் 1,55,000 டாலர் குறைந்தது. அவர் மெக்சிகோவுக்குத் தப்பினார். நட்சத்திரத் தடங்களும் பின்பு பழைய தந்திரத்துக்கே திரும்பின. குறைந்த விலைக்கு எடுத்து, வேகம் கூட்டு என்ற உத்தரவு வாங்கிப் பல மடங்கு பெறுவது 1881-இல் பெரும் ஊழலாக வெடித்தது. இரண்டாம் உதவிப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் தாமஸ் பிரேடி, முன்னாள் செனட்டர் ஸ்டீபன் டார்சி ஆகியோர் மேல் இரண்டு முறை விசாரணை நடந்தும் தண்டனை இல்லை.

அதே 1881-இல் பதவி கிடைக்காத ஒருவர் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட, 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் வந்தது. தேர்வெழுதித்தான் வேலை, கட்சிக்குச் சம்பளத்தில் பங்கு கட்டாயமில்லை. தபாலில் இது தொட்டது 50 அல்லது அதற்கு மேல் ஊழியர் கொண்ட அலுவலகங்களை மட்டும், அங்கும் போஸ்ட்மாஸ்டரை விட்டுவிட்டு எழுத்தர்களையும் கடிதம் கொடுப்பவர்களையும். நான்காம் வகுப்பு எனப்பட்ட பல்லாயிரம் கிராம அலுவலகங்கள் அப்படியே வெளியே கிடந்தன. 1885-இல் ஜனநாயகக் கட்சி திரும்பி வந்தபோது முதல் உதவிப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆட்லாய் ஸ்டீவன்சன் மாற்றிய போஸ்ட்மாஸ்டர்கள் சுமார் 40,000 பேர். அந்தக் கிராம அலுவலகங்களைத் தேர்வு முறைக்குள் கொண்டுவரும் உத்தரவு 1908-இல் வடகிழக்கு மாநிலங்களுக்கும் 1912-இல் மற்றவற்றுக்கும் வந்தது. அதற்குள் வீட்டு வாசலுக்கே தபால் கொண்டுபோகும் ஊரகப் பட்டுவாடா அவற்றில் பலவற்றை மூடத் தொடங்கியிருந்தது. பெரிய அலுவலகங்களில் கட்சிப் பரிந்துரை 1969 வரை நீடித்தது. போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் அமைச்சரவையை விட்டு வெளியேறியது 1971 ஜூலையில், பேரி உள்ளே நுழைந்து 142 ஆண்டுகள் கழித்து.